பூட்ஸைக் கழற்றியதும் நகத்தைப் பாருங்கள்: கால் நகப் பங்கஸை இனங்காண ஒரு வழிகாட்டி

ஹட்டன், வட்டவளைப் பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் துவைத்துப் போட்ட காலுறை காய மூன்று நாள் எடுக்கும். மூன்றாம் நாளும் விரல் பக்கம் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதையே மாட்டி, மேலே றப்பர் பூட்ஸையும் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறோம், மரக்கறிப் பாத்தியில் நிற்கிறோம், மாட்டுக்குப் புல் அறுக்கிறோம். பின்னேரம் கழற்றும்போது விரல்கள் அவிந்து வெளுத்துச் சுருங்கிக் கிடக்கும். கால் நகத்தில் பங்கஸ் என்ற பூஞ்சைக் கிருமி குடியேற இந்தச் சூடும் ஈரமும் போதும்.

நான் டொக்டர் இல்லை. இந்தப் பக்கத்துப் பாமசி ஒன்றில் பல வருடம் கவுன்டருக்குப் பின்னால் நின்றவன். "தம்பி, இதுக்கு ஒரு கிறீம் தாங்க" என்று செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரிடம் நான் விட்ட பிழையால்தான் இதை எழுதுகிறேன்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை செய்யும் ஒரு மாமா. வலது கால் பெருவிரல் நகம் தடித்து, பழுப்பேறி, நுனி தூக்கியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் "பங்கஸ்தான் மாமா" என்று சொல்லி, நகத்தில் பூசும் மருந்து ஒரு போத்தலைக் கொடுத்தேன். விலை கொஞ்ச நஞ்சமில்லை. எட்டு மாதம் விடாமல் பூசினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தோல் நோய் கிளினிக்குக்குப் போனார். நகத்தை வெட்டிச் சோதித்தபோது பங்கஸ் இல்லை. அவர் போட்டிருந்தது மகனுடைய பழைய பூட்ஸ், ஒரு சைஸ் சின்னது. ஒவ்வொரு இறக்கத்திலும் நகம் பூட்ஸின் முனையில் இடித்து இடித்தே அப்படியாகியிருக்கிறது.

அவருக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை இது. நிறம் மாறி, வடிவம் கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பங்கஸ் என்று மருத்துவப் புத்தகங்களே சொல்கின்றன. மீதிப் பாதி வேறு ஏதாவது. அதனால் நகத்தைப் பார்த்ததும் பெயர் வைக்காமல், முதலில் ஒழுங்காகப் பார்க்கப் பழகுவோம்.

முதலில்: எப்படிப் பார்ப்பது

வேலை முடிந்து வந்த கையோடு பார்க்காதீர்கள். செம்மண்ணும் தேயிலைக் கறையும் ஏறிய நகம் எல்லா நோயையும் போலத்தான் தெரியும். பீலியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நகத்தடியில் இருக்கிற மண்ணைப் பழைய மென்மையான பல்துலக்கியால் எடுத்து, துவாயால் துடைத்து, கால்மணி நேரம் காய விடுங்கள். ஈர நகத்தில் வெள்ளைத் திட்டுகள் மறைந்துவிடும். நகப்பூச்சு இருந்தால் முழுவதும் அழித்துவிடுங்கள். மருதாணி போட்டிருந்தால் அந்த நிறம் நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை போகாது. அப்படியிருந்தால் நிறத்தை நம்பாமல் மற்ற அடையாளங்களைப் பாருங்கள்.

பார்க்க நல்ல இடம் வீட்டு முன் இஸ்தோப்பு. காலை வெளிச்சம் விழும் பக்கமாக உட்காருங்கள். காம்பராவுக்குள் மஞ்சள் பல்பின் கீழே எல்லார் நகமும் மஞ்சள்தான். பத்து விரலையும் பாருங்கள், பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாத வயதானவர்களுக்கு வீட்டில் உள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

அப்புறம் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நகத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. ஏன் என்பதை அடுத்ததில் சொல்கிறேன். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால், இந்தப் படத்தை எடுங்கள்.

கறை எந்தப் பக்கம் நகர்கிறது?

கை நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வளரும். கால் நகம் அதில் பாதிதான், மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர். பெருவிரல் நகம் அடியிலிருந்து நுனிவரை முழுதாகப் புதிதாக வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். வயதாக ஆக இன்னும் மெதுவாகும்.

நகம் அடியில் பிறந்து நுனியை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அடிபட்டதால் நகத்துக்குக் கீழே கட்டிய இரத்தம் அந்த நகத்தோடு சேர்ந்து நுனிப்பக்கம் போகும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அடியில் மூன்று மில்லிமீற்றருக்குச் சுத்தமான புது நகம் தெரியும். பங்கஸ் பெரும்பாலும் இதற்கு எதிர்ப்பக்கம் போகிறது. நுனியிலோ ஓரத்திலோ தொடங்கி, நகம் வளரும் திசைக்கு எதிராக, அடியை நோக்கி உள்ளே ஏறும். இன்றைய படத்தையும் இரண்டு மாதம் கழித்து எடுக்கிற படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கறை வெளியே போகிறதா உள்ளே வருகிறதா என்று தெரிந்துவிடும். மாமாவுக்கு அன்றைக்கு நான் மருந்து விற்றிருக்கக் கூடாது, அடிமட்டத்தை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும்.

இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாத ஆட்களும் உண்டு. அவர்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். சீனி வியாதி உள்ளவர்கள் நேரே அங்கே போய் முதலில் அதை வாசியுங்கள்.

பங்கஸின் அடையாளங்கள்

இந்தக் கிருமிகளுக்குச் சாப்பாடு கெரற்றின். நகமும் முடியும் தோலின் மேல்தட்டும் அந்தப் புரதத்தால் ஆனவை. கால் நகத்தில் அதிகம் காணப்படுவது டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்ற வகை. பெயரை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஆய்வுகூட அறிக்கையில் கண்டால் பயப்படாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

வழக்கமாகத் தொடங்குவது பெருவிரலில், நுனியின் ஒரு மூலையில். முதலில் ஒரு சின்ன வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் திட்டு. நகம் வெட்டும்போது அந்த மூலை மட்டும் மற்ற இடம் போல ஒரே சீராக வெட்டுப்படாமல் உதிரும். பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தைக் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் வலி கிடையாது, அரிப்பும் கிடையாது. சில மாதத்தில் மஞ்சள் உள்ளே பரவும். சிலருக்குப் பரவலாக இல்லாமல் ஈட்டி முனை மாதிரி ஒரு மஞ்சள் கோடு நுனியிலிருந்து அடிப்பக்கம் குத்தி நிற்கும். அந்தக் கோட்டைக் கண்டால் பங்கஸ் என்ற சந்தேகம் பலமாகிறது.

அடுத்து நகத்துக்குக் கீழே சேர்வது. ஈர்க்குச்சியால் மெல்ல எடுத்தால் வெளிறிய மாவு மாதிரி, சில நேரம் பழைய மெழுகு மாதிரி உதிர்ந்து வரும். அது மண் இல்லை. நகத்தடித் தோல் தடித்து உதிரும் துகள். அது சேரச் சேர நகம் மேலே தூக்கும், தடிக்கும், வெட்டியால் வெட்ட முடியாமல் போகும். தூக்கிய நகத்தின் எல்லை நேர்கோடாக இல்லாமல் அங்கங்கே பல் பல்லாக உள்ளே போயிருக்கும். அடிபட்டுத் தூக்கிய நகத்தில் எல்லை ஓரளவு ஒழுங்காகவும், கீழே துகள் இல்லாமலும் இருக்கும். இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியப் பழக்கம் வேண்டும், ஆனால் ஒருமுறை கண்டுவிட்டால் மறக்காது.

முற்றிய பிறகு நகம் முழுவதும் பழுப்பாகி, நொறுங்கி, பாதி காணாமலே போய்விடும். ஒருவித மக்கல் வாடையும் வரலாம். சப்பாத்துப் போட்டால் அழுத்தி வலிக்கும். இந்தக் கட்டத்தில்தான் அதிகம் பேர் பாமசிக்கு வருகிறார்கள்.

இன்னொரு வகை உண்டு. நகத்தின் மேல்பக்கத்திலேயே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் திட்டுகள், சுரண்டினால் தூளாக வரும். நகம் தடித்திருக்காது. இது மேலோடு நிற்பது, பூச்சு மருந்துக்கே அடங்கிவிட நல்ல வாய்ப்பு உள்ளது. நகப்பூச்சை நீண்ட நாள் போட்டு அழித்த பிறகு தெரியும் வெள்ளை வறட்சியும் இப்படித்தான் இருக்கும், குழம்பிவிடாதீர்கள். அரிதாக, நுனி நன்றாக இருக்க அடியில், தோலோடு ஒட்டிய இடத்திலேயே வெள்ளை தொடங்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் காணப்படும் வகை இது. அதைக் கண்டால் நகத்துக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் சேர்த்து டொக்டரைப் பார்க்க வேண்டும்.

நகத்தை விட்டுத் தோலைப் பாருங்கள்

நகத்தைவிடத் தோல்தான் பல நேரம் உண்மையைச் சொல்லும். நகத்தில் பங்கஸ் உள்ளவர்களில் நிறையப் பேருக்குப் பாதத்திலும் அது இருக்கும், பெரும்பாலும் அங்கிருந்துதான் நகத்துக்கு வந்திருக்கும்.

சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் இடையில் விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறி, உரிந்து, வெடித்து, அரிப்பெடுக்கிறதா? நம்மாட்கள் சேத்துப்புண் என்பார்கள். மழைக்காலத்தில் எல்லாருக்கும் வருவதுதானே என்று விட்டுவிடுவது வழக்கம். அடுத்து உள்ளங்கால். குதியிலும் பாதத்தின் பக்கங்களிலும் மாவு தூவியது போலச் செதில் உதிர்கிறதா? இதைப் பித்தவெடிப்பு என்றும், பனிக்காலத்து வறட்சி என்றும் நினைத்துத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டே இருப்பார்கள். நுவரெலியாப் பனியில் யாருக்கும் கால் வெடிக்கும், உண்மைதான். ஆனால் எண்ணெய் பூசியும் மாதக்கணக்காக மாறாத செதில், அதுவும் ஒரு பாதத்தில் அதிகம், கூடவே அந்தக் காலில் கெட்ட நகம் என்றால் அது வெறும் பனி இல்லை. சிலருக்கு இரண்டு பாதத்தோடு ஒரே ஒரு உள்ளங்கையும் இப்படிச் செதிலாகும். அந்தக் கையால்தான் காலைச் சொறிகிறார் என்பது பிறகு தெரியவரும்.

விரலிடுக்கும் பாதமும் சுத்தமாக இருந்து நகம் மட்டும் கெட்டிருந்தால் பங்கஸ் இல்லை என்று முடிவெடுக்க முடியாது. ஆனால் வேறு காரணத்தைத் தேட அது நல்ல சாட்டு.

பங்கஸ் போல நடிப்பவை

சிவனொளிபாத மலை சீசன் மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை. அந்த மாதங்களில் பாமசிக்குக் கறுத்த பெருவிரல் நகங்கள் வரும். நல்லதண்ணிப் பக்கத்தில் சுமார் 5500 படி. ஏறும்போது ஒன்றும் ஆகாது. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் விரல் சப்பாத்தின் முனையில் போய் முட்டும். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் நகம் கருநீலமாகும். சில வாரத்தில் தூக்கி, சில மாதத்தில் கழன்றும் போகலாம். இது பங்கஸ் இல்லை. பூச்சு மருந்துக்குக் காசு செலவழிக்காமல், அந்த நகத்தை ஒட்ட வெட்டி உலர்ந்தபடி வைத்தால் போதும். தூக்கிய நகத்தின் அடியில் பிற்பாடு பங்கஸ் நுழையலாம் என்பதால் கவனம் மட்டும் வேண்டும். மலை இறக்கத்தில் கொழுந்துக் கூடையோடு இறங்குகிறவர்கள், பந்து விளையாடும் பிள்ளைகள், முன்னே சொன்ன மாமா எல்லாரும் இந்தக் கணக்கில்தான்.

சொரியாசிஸ் என்ற தோல் நோய் நகத்தையும் தாக்கும். நகம் தடிக்கும், தூக்கும், கீழே துகளும் சேரும், அதனால் டொக்டர்களே சோதனை இல்லாமல் பிரித்தறியச் சிரமப்படுவார்கள். ஒரு சின்னத் தடயம் உண்டு: கை நகங்களைப் பாருங்கள். ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள், எண்ணெய்த் துளி ஊறியது போன்ற பழுப்புப் புள்ளி இருந்தால், அப்புறம் முழங்கை, முழங்கால், தலைமயிருக்குள் வெள்ளிச் செதில் உதிரும் திட்டுகள் இருந்தால், சந்தேகம் அந்தப் பக்கம் போக வேண்டும்.

பச்சை நகம் பாக்டீரியா வேலை. எப்போதும் தண்ணீரில் நிற்பவர்களுக்கும், தூக்கிய நகத்துக்கும் வரும். நகத்தின் ஓரத்துச் சதை சிவந்து வீங்கிச் சீழ் கட்டுவது நகச்சுத்தி. அது ஓரிரு நாளில் வந்து விண் விண்ணென்று வலிக்கும். பங்கஸ் அப்படி அவசரப்படாது. வயதான ஆத்தாமாரின் பெருவிரல் நகம் ஆட்டுக்கொம்பு மாதிரி தடித்து வளைந்திருப்பது வயதாலும், பல வருட அழுத்தத்தாலும், வெட்டாமல் விட்டதாலும் கூட இருக்கலாம். நகம் தடிக்காமல், மெலிந்து, நடுவில் குழிந்து கரண்டி போல இருந்தால் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவா என்று பார்க்க வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை புதிதில்லை, நகம் அதை முந்திக்கொண்டு காட்டிவிடும். பத்து நகமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி மாறினாலும் பங்கஸைவிட உடம்புக்குள் இருக்கிற காரணத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பங்கஸ் ஒன்றிரண்டு விரலில் தொடங்கி, மெல்லத்தான் அடுத்ததுக்குப் போகும்.

இனி ஒன்று, இதைச் சாதாரணமாகக் கடந்துபோக வேண்டாம். நகத்தில் அடியிலிருந்து நுனிவரை ஓடும் கறுப்பு அல்லது கடும்பழுப்புக் கோடு. நம்மைப் போலக் கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் இளம்பழுப்புக் கோடுகள் இருப்பது சகஜம், பயம் வேண்டாம். ஆனால் ஒரே ஒரு விரலில், புதிதாக, அகன்றுகொண்டே போகிற கோடு, நிறம் ஒரு சீராக இல்லாதது, அல்லது கறுப்பு நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் ஊறியிருப்பது என்றால் அது தோல் புற்றுநோயின் அடையாளமாக இருக்க முடியும். நம் ஊர் திரிவீலர்களின் பின்கண்ணாடியில் சிரிக்கிற பாடகர் பொப் மார்லிக்கு அதுதான் நடந்தது. பெருவிரல் நகத்தடியில் வந்ததை முதலில் பந்து விளையாடிய காயம் என்று நினைத்தார்கள். 1977இல் புற்றுநோய் என்று தெரிந்தது, 1981இல் தன் 36ஆவது வயதில் இறந்தார். இந்தக் கோட்டுக்கு இரண்டு மாதப் படமெல்லாம் வேண்டாம், அந்த வாரமே காட்டுங்கள்.

யார் காத்திருக்கக் கூடாது

சீனி வியாதி உள்ளவர்கள். கால் மரத்துப்போயிருந்தால் தடித்த நகம் கீழே உள்ள சதையை அழுத்திப் புண்ணாக்குவது தெரியவே தெரியாது. வெடிப்பு வழியாகக் கிருமி ஏறிக் கால் முழுக்கச் சிவந்து வீங்கிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளினிக் கொப்பி இருக்கிறவர்கள் அடுத்த கிளினிக் நாளில் சப்பாத்தைக் கழற்றி, "மிஸ்ஸி, இந்த நகத்தையும் பாருங்க" என்று வாய் திறந்து சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் காட்டுங்கள். அவர்கள் தடித்த நகத்தைத் தாங்களே பிளேட்டால் வெட்டவே கூடாது.

காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நீண்ட நாள் ஸ்டீரொய்ட் மாத்திரை எடுப்பவர்கள், நகத்தைச் சுற்றிச் சிவப்பும் சீழும் உள்ளவர்கள் எல்லாருக்கும் இதே பேச்சுத்தான். சின்னப் பிள்ளைகளுக்கு நகப் பங்கஸ் குறைவு. பிள்ளையின் நகம் கெட்டிருந்தால் ஊகம் வேண்டாம், காட்டிவிடுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது

தோட்டத்து டிஸ்பென்சரியில் முதலில் காட்டலாம். அங்கே பெரும்பாலும் சோதனை வசதி இருக்காது, ஆனால் அடுத்த இடத்துக்குத் துண்டு எழுதித் தருவார்கள். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தேவை என்றால் தோல் நோய் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகள் நாம் போய்வரக்கூடிய தூரம். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கக் காசு இல்லை. போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய சம்பளமும்தான் போகும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஒரே பயணத்தில் காரியத்தை முடிக்க இதைச் சொல்கிறேன்.

போவதற்கு முன் நகத்தில் மருந்து எதுவும் பூசாதீர்கள். பூசியிருந்தால், என்ன மருந்து, எப்போது நிறுத்தினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மருந்து பட்ட நகத்தைச் சோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டும் போகாதீர்கள். சோதனைக்கு நகம் வேண்டும். கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், எவ்வளவு உள்ளே முடியுமோ அவ்வளவு உள்ளேயிருந்து துகளைச் சுரண்டி எடுப்பார்கள். அதில் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் விட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது ஒரு சோதனை, முடிவு சீக்கிரம் வரும். கிருமியை வளர்த்துப் பார்ப்பது இன்னொன்று, அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் முறை இல்லை என்று வந்தும் அடையாளங்கள் பலமாக இருந்தால் மறுபடி சோதிப்பது வழக்கம்தான், ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம்.

டொக்டரிடம் மூன்று கேள்வி மறக்காமல் கேளுங்கள்: சோதனை செய்யாமலே மாத்திரை தொடங்குகிறோமா, என்ன காரணம்? நான் எடுக்கும் மற்ற மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா? எப்போது திரும்பக் காட்ட வேண்டும்?

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக

நகத்தின் ஒரு மூலை மட்டும் என்றால் நகத்தில் பூசும் மருந்து போதுமாயிருக்கும். அமொரொல்பின் 5 சதவீதம் என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம். தோலுக்குப் பூசும் சாதாரண கிறீம் தடித்த நகத்துக்குள் போகாது, அதை வாங்கி நகத்தில் பூசுவது காசைப் பீலியில் விடுவது மாதிரி. விரலிடுக்குச் சேத்துப்புண்ணுக்கு அதே கிறீம் நன்றாகக் கேட்கும்.

நகம் அதிகம் கெட்டிருந்தால் மாத்திரை. டெர்பினபின் 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, கால் நகத்துக்கு வழக்கமாக 12 வாரம். தொடங்கும் முன் ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை கேட்பார்கள். கசிப்பு, சாராயம் பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் பொதுவாக இந்த மாத்திரை எடுப்பதில்லை. இன்னொரு மாத்திரையான இட்ராகொனசோல் இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது, கொலஸ்டரோல் மாத்திரை சிலதோடு ஒத்துவராது. யாரோ எடுத்து மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். கெட்டொகொனசோல் மாத்திரை பழைய சீட்டுகளில் இன்னும் கண்ணில் படும். ஈரலைக் கெடுக்கும் என்பதால் 2013இலேயே அமெரிக்காவும் ஐரோப்பாவும் நகத்துக்கு அதைப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

கைமருந்து பற்றிக் கேட்பீர்கள். மண்ணெண்ணெய், பட்டரித் தண்ணி, துணி வெளுக்கும் மருந்து மூன்றும் தோலைத்தான் எரிக்கும். மஞ்சள் அரைத்துப் பூசினால் நகம் மஞ்சளாகி, எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் போகும். விக்ஸ் தைலத்தை 2011இல் 18 பேருக்கு 48 வாரம் பூசிப் பார்த்த ஒரு சின்ன ஆய்வு உண்டு, 5 பேருக்கு முழுதாகக் குணமானது. 13 பேருக்கு ஆகவில்லை. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பூட்ஸ், செருப்பு, நகவெட்டி

பூட்ஸைப் போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். முள்ளும் அட்டையும் பாம்பும் எலிக்காய்ச்சலும் உள்ள மலையில் வெறுங்காலோடு நிற்கச் சொல்வது புத்தியில்லை. பூட்ஸ் இருக்கட்டும், ஈரம் போகட்டும். கழற்றியதும் உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, குப்புறக் கவிழ்க்காமல் சாய்த்து வையுங்கள், படுக்கப் போகும்போது தாளை மாற்றுங்கள். அடுப்பங்கரையில் வைக்கலாம், ஆனால் றப்பர் என்பதால் அடுப்போடு ஒட்டி வைத்தால் ஒரு பக்கம் வெந்துவிடும், என் வீட்டில் நடந்திருக்கிறது. காலுறை மூன்று சோடியாவது வேண்டும். ஒன்று காலில், ஒன்று கொடியில், ஒன்று அடுப்புக்கு மேல். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் பூட்ஸைக் கழற்றி விரலிடுக்கைத் துடைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். பெருவிரலுக்கு முன்னால் பூட்ஸில் ஒரு கைவிரல் அகல இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லயத்தில் கக்கூஸ் வாசலில் ஒரு சோடிச் செருப்பு கிடக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைத்தான் மாட்டுவார்கள், அதுவும் எப்போதும் ஈரமாகவே இருக்கும். வீட்டுக்கு ஒரு சோடி தனியாக வைப்பது நல்லது. அதேபோலச் சுவரில் ஆணியடித்துத் தொங்கும் அந்த ஒற்றை நகவெட்டி. அம்மா வெட்டி, அப்பா வெட்டி, பிள்ளைக்கும் வெட்டுவது. கெட்ட நகம் உள்ளவருக்கு வேறு வெட்டி வாங்குங்கள். அதுவரை அவர் கடைசியாக வெட்டட்டும், நல்ல விரல்களை முதலிலும் கெட்ட விரலைக் கடைசியிலும். பிறகு சவர்க்காரத்தில் கழுவி, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து வையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது சேத்துப்புண் இருந்தால் அவர்களுக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் திரும்பி வந்துவிடும்.

மருந்து முடிந்ததும் நகம் அழகாகிவிடாது, பல பேர் மனம் விட்டுப்போவது இங்கேதான். கிருமி செத்தாலும் கெட்ட நகம் அப்படியே இருக்கும், அது வளர்ந்து வெட்டுப்பட வேண்டும். என் அம்மாவுக்குச் சோதனையில் பங்கஸ் என்று உறுதியாகி, 12 வாரம் மாத்திரை முடித்தபோது நகம் பார்வைக்கு முன்பு மாதிரியேதான் இருந்தது. அடியில் மட்டும் நெல்லுமணி அகலத்துக்குப் புது நகம். மாதத்துக்கு ஒருமுறை, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இஸ்தோப்பில் அடிமட்டத்தோடு படம் எடுத்தோம். போன வாரம் எடுத்தது பதினோராவது படம். நுனியில் மூன்று மில்லிமீற்றர் மஞ்சள் மிச்சம். "இன்னும் எத்தனை நாளைக்குடா?" என்று கேட்டார். மாதத்துக்கு ஒன்றரை என்றால் இரண்டு மாதம் என்றேன்.

"அப்ப தீபாவளிக்குள்ள ஆயிரும்" என்று சொல்லிவிட்டுப் பூட்ஸுக்குள் தாளைத் திணிக்க எழுந்து போனார்.